பஞ்சு படாத பிள்ளை

இந்தக் கதையை எழுதுகிறவன் இதைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தான். துணி துவைத்த அழுக்குத் தண்ணீர் எழுந்து நின்று பிள்ளையாக நடந்தது என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை, அதைக் கேட்ட முதல் நாளே, மில் வேன் புறவழிச்சாலையில் திரும்புவதற்குள் நம்பிவிட்டான். சந்தேகம் வந்தது சொன்ன விதத்தில்தான். நடந்த ஒன்றைச் சொல்கிறவர்கள் அங்கே இங்கே தடுமாறுவார்கள், கிழமையை மாற்றுவார்கள், விட்டுப்போனது ஞாபகம் வந்து நடுவில் நிறுத்தி ஒட்டவைப்பார்கள். மில் வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த குருவையாவோ எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல், பெருமூச்சு விடும் இடம்கூட மாறாமல் சொன்னார். அவர் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் இருக்கிறது.

தண்ணீர் லாரியின் சத்தத்தைக் கேட்டே கிழமையைச் சொல்லிவிடும் ஊர் அது. அங்கே குருவையா ஸ்பின்னிங் மில்லில் புளோ ரூம் ஆளாக இருந்தார். பஞ்சுப் பொதிகளை உடைத்து மிஷினுக்குக் கொடுக்கிற வேலை என்பதால், ஷிப்டு முடிந்து வரும்போது புருவம், காது மடல், மூக்கு முடி, சட்டைக் கழுத்து எல்லாம் பஞ்சு பூத்து, தெரு நாய்கள்கூட அடையாளம் தெரியாமல் ஒருமுறை குரைத்துவிட்டுத்தான் வாலாட்டும். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் அவரும் மனைவி ராஜாமணியும் குடியிருந்தார்கள், மேலே வீட்டுக்காரி சுலோச்சனா குடும்பத்தோடு இருந்தாள். குருவையாவுக்கும் ராஜாமணிக்கும் பிள்ளை இல்லை. தெருவில் யார் வீட்டில் வளைகாப்பு வைத்தாலும், பத்திரிகையைக் குருவையா கையில் கொடுத்து, "அண்ணே, நீங்க மட்டும் வந்தாப் போதும், மதினிய வெயில்ல அலைக்கழிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அங்கே என்ன குழம்பு என்று கேட்கும் மனைவிக்குப் பதில் சொல்வார்.

அந்த ஊரில் வாஷிங் மிஷின் தண்ணீரை யாரும் சாக்கடைக்கு விடமாட்டார்கள். மிஷினுக்குப் பின்னால் தொங்கும் சாம்பல்நிற நெளி ஓஸை இழுத்து டிரம்முக்குள் விட்டு, அந்த நுரைத்தண்ணீரை வைத்துத்தான் கக்கூஸுக்கு ஊற்றுவது, வாசல் கழுவுவது எல்லாம். சுலோச்சனா வீட்டு ஓஸ் டிரம்முக்கும் வாளிக்குமாக இழுபட்டு இழுபட்டு நெளிவில் வெடித்துவிட்டது, அவள் அதில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினாள், டியூபையும் மீறி ஒழுகியது, ஒழுகிய தண்ணீர் தளத்தில் இருந்த விரிசலைக் கண்டுபிடித்து, கீழ்வீட்டுக் குளியலறையில் குளிக்க நிற்பவர் உச்சந்தலையில் சரியாக விழுந்தது.

"யக்கா, மேலருந்து ஒழுகுதுக்கா. குளிச்சிட்டு வந்தா ரெண்டாந்தடவ குளிக்க வேண்டியிருக்கு" என்றாள் ராஜாமணி.

"சோப்பு கலந்துதான ராசாமணி விழுது? ஒனக்குச் சோப்பு மிச்சம்ல" என்றாள் சுலோச்சனா, மாடிப்படியில் நின்றபடி.

குருவையா போய், "ஓஸ் மாத்துறது பெரிய வேலையில்லம்மா, கிளிப்பக் கழட்டி மாட்ட வேண்டியதுதான்" என்றதற்கு, "பெரிய வேலையில்லாததுக்கு எதுக்கு இம்புட்டு தூரம் படியேறி வந்தீக?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். மேல்வீடு ஒழுகவிடுவதும் கீழ்வீடு கத்துவதும் எல்லாத் தெருவிலும் நடப்பதுதான் என்பதால் அத்தோடு விட்டார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மேலே மிஷின் கடகடவென்று சுற்றித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ராஜாமணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். மேலிருந்து விழுந்த தண்ணீர் மூலையில் இருக்கும் துவாரத்தைப் பார்த்து ஓடாமல் நடுத்தரையிலேயே கூடி, கூடி, உயர்ந்து, இரண்டு கால், ஒரு தொப்பை, இரண்டு கை, மேலே ஒரு தலை என்று அவள் இடுப்பு உயரத்துக்கு நின்றது. கலங்கலாக, ஓரங்களில் நுரை கட்டி, துவைப்பொடி வாசமும் அடுத்தவர் வேர்வை வாசமுமாக நின்று, அவளைப் பார்த்துக் கையைத் தூக்கியது. தூக்கிக்கொள் என்று பிள்ளைகள் கேட்பார்களே, அப்படி.

"ஏங்க" என்று கூப்பிட்டாள் ராஜாமணி. "துண்டு எடுத்துட்டு வாங்க. புள்ள தலை ஈரமா நிக்கிது."

குருவையா துண்டு கொண்டுவந்தார். அவள் மடியில் இருத்தித் தலையைத் துவட்டினாள், எந்தத் தாயும் செய்வதுதான், ஆனால் துண்டை எடுத்தபோது அந்தப் பக்கத்துக் காதும் பாதி நெற்றியும் இல்லை. அவள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. கூடியவர்கள் பார்க்கும்போது அவள் அந்தத் துண்டைப் பிள்ளையின் தலைக்கு நேராகப் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள், சொட்டுச் சொட்டாகக் காது திரும்பி வந்தது.

தெரு அதிசயப்பட்டதாகக் குருவையா எப்போதும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு பாக்கியத்தாய் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "யாரு சாடை இது?" என்றுதான் முதலில் கேட்டாள். அன்றைக்கு மிஷினில் போட்டது சுலோச்சனாவின் புருஷன் லுங்கிகளும் மகன்களின் பேண்டுகளும் என்று தெரிந்ததும், "அப்ப சரிதான், மூக்கு அப்படியே மேல்வீட்டு அண்ணாச்சி மூக்கு. குருவையாண்ணே, எதுக்கும் வீட்டுக்குச் சீக்கிரம் வந்து பழகுங்க" என்றாள். சிரிப்பு தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. குருவையாவும் சிரித்தார், சிரிக்காமல் நின்றால் உண்மையென்று ஆகிவிடும்.

அங்கன்வாடி டீச்சர் வந்து மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல ஒரு அவித்த முட்டை கொடுத்துவிட்டுப் போனாள். முட்டை கரையாமல் வயிற்றுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்து நாற ஆரம்பித்ததும், ராஜாமணி கையை விட்டு அதை வெளியே எடுத்தாள். போலியோ சொட்டுமருந்து ஊற்ற வந்த நர்சம்மா, "பிள்ளைன்னா பிள்ளைதான், எங்களுக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணு" என்று ரெண்டு சொட்டு விட்டுவிட்டு, வழக்கப்படி சுண்டுவிரலில் மை வைத்தாள், மை விரலில் நிற்காமல் உடம்பெல்லாம் பரவி, அன்றைக்குப் பூராவும் பிள்ளை ஊதா நிறத்தில் தெருவில் ஓடியது. சட்டைப் பைகளில் மறந்து விட்டவையெல்லாம் அதன் நெஞ்சுக்குள் மிதந்தன. ஒரு நாள் பஸ் டிக்கெட்டின் கூழ், ஒரு நாள் ஹேர்பின், வெள்ளைப் பொத்தான் ஒன்று மட்டும் எப்போதும். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று இன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள், ஒருவன் பீச்சாங்குழலை அதன் முதுகில் வைத்து உறிஞ்சி அதன் முகத்திலேயே பீய்ச்சினான், பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. சிரித்தால் பாட்டிலில் தண்ணீர் குலுங்குகிற சத்தம் வரும்.

வெயிலில் நின்றால் அது வற்றியது. மேலே துவைக்காத நாளில் முழங்கால் உயரத்துக்குக் குறைந்து, குரல் கம்மி, மூலை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டது, மறுபடி மிஷின் ஓடி மறுபடி ஒழுகியதும் பழைய உயரத்துக்கு வந்தது. வேறு டிரம்மின் தண்ணீரை எடுத்து ஊற்றினால் ஏற்கவில்லை, ஊற்றியது அப்படியே வழிந்து போனது. அந்த ஓஸின் அந்த வெடிப்பில் வழிகிற தண்ணீர்தான் வேண்டியிருந்தது. இது தெரிந்த அன்றைக்கு ராஜாமணி மாடிப்படி ஏறினாள்.

"யக்கா, அந்த ஓஸ மட்டும் மாத்திராதீக. இன்னுங் கொஞ்சம் கிழிஞ்சாலும் பரவாயில்ல."

மேல்வீட்டுக்காரியிடம் ஒழுகட்டும் என்று கீழ்வீட்டுக்காரி கெஞ்சுவது இதற்கு முன் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை, அதன் ருசியைச் சுலோச்சனா கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள். பிறகு, "உள்ள பாத்திரம் கிடக்கு" என்றாள்.

அன்றைக்குப் பாத்திரம், மறுநாள் வீடு பெருக்கல், அதற்கடுத்து சுலோச்சனாவின் மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவது என்று ஒவ்வொன்றாக வந்து, கொஞ்ச நாளில் ராஜாமணி விடிந்ததும் மேலே போவாள், வெயில் சாயும்போது கீழே வருவாள். எதிலாவது முகம் சுளித்தால் சுலோச்சனா திட்டுவதில்லை, "இன்னைக்கு என்னமோ மிஷின் போட மனசில்ல ராசாமணி" என்பாள், அவ்வளவுதான். கீழே பிள்ளை வற்றும். ராஜாமணி மறுநாள் சுளிக்க மாட்டாள். விருந்தாளிகள் வரும்போது சுலோச்சனா பிள்ளையை மேலே கொண்டுவரச் சொல்லி, எல்லார் முன்னாலும், "ராசாமணி, இது யாரு புள்ள, சொல்லு?" என்று கேட்பாள்.

"ஒங்க புள்ளதாங்க்கா" என்பாள் ராஜாமணி.

"எம்புள்ள இல்ல, எங்க ஓஸு பெத்தது" என்று சுலோச்சனா சொன்னதும் விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தினமும் மிஷின் ஓட வேண்டுமென்றால் தினமும் அழுக்குத்துணி வேண்டும், ஒரு குடும்பத்தில் அவ்வளவு அழுக்கு சேராது. ராஜாமணி வீடு வீடாகப் போய் அழுக்குத்துணி கேட்டாள். தெரு கொடுத்தது. முதலில் தயங்கித் தயங்கி மேல்துணி கொடுத்தார்கள், பிறகு கூச்சம் விட்டு எல்லாத் துணியையும் கொடுத்தார்கள், துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து தரவேண்டும் என்று ஆனது, மடிப்பு சரியில்லை என்று திருப்பியும் அனுப்பினார்கள். தூரத்தில் வரும்போதே கதவைச் சாத்திக்கொண்ட தெரு இப்போது அவளுக்காகக் கதவைத் திறந்தே வைத்து, "துணிக்காரி வந்துட்டா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது. ராஜாமணியின் விரல் இடுக்குகள் வெளுத்துத் தோல் உரிந்தன. குருவையா அதைப் பார்த்துவிட்டு எதற்கு இப்படி என்று கேட்டபோது, "பெத்தவளுக எல்லாம் படுறதுதான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை அவர் கல்யாணத்தன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை.

குருவையாவுக்கு அந்தப் பிள்ளையோடு இருந்தது ஒரே ஒரு தொடுதல். பிள்ளை வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் ஷிப்டு முடிந்து வர, அது ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது, அவரும் குனிந்து தூக்கினார். உடம்பெல்லாம் பஞ்சு. பஞ்சு என்ன செய்யுமோ அதைச் செய்தது. அவர் இறக்கிவிடுவதற்குள் பிள்ளையின் இரண்டு கைகளும் ஒரு தோளும் அவர் சட்டைக்குள் போய்விட்டன. பிள்ளை தன்னிடம் கை இல்லை என்பதையே அறியாமல் அவரைக் கட்டிக்கொள்ள மறுபடி முயன்றது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த ராஜாமணி அவர் சட்டையைக் கிழித்துக் கழற்றிப் பிழிந்தாள், சட்டையின் பஞ்சு பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தது.

"புள்ளையத் தின்னுட்டீகளே" என்றாள். "இனிமே பஞ்சோட இந்த வாசப்படி மிதிக்காதீக."

அன்றிலிருந்து அவர் வெளியே குளித்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று ஏற்பாடு. குளிக்கத் தண்ணீர் எல்லா நாளும் இருப்பதில்லை, இருந்த தண்ணீரெல்லாம் மேலே மிஷினுக்குப் போனது, தண்ணீர் இல்லாத நாளில் அவர் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துகொள்வார். தட்டு அங்கே வரும். பாயும் பிறகு அங்கேயே வந்தது. குளித்துவிட்டு வந்தாலும் ராஜாமணி அவர் காதுக்குப் பின்னால், நகத்துக்கு உள்ளே, எல்லாம் பார்த்து, "இங்க இருக்கு பாருங்க ஒரு துணுக்கு" என்பாள். பஞ்சு இல்லாத ஆளாக வர அவருக்குத் தெரியவில்லை. பிழிந்த பின்னும் ஈரம் மிஞ்சியிருந்த அந்தச் சட்டையை அவர் அன்று தலைக்கு வைத்துப் படுத்தார் என்றும், துவைப்பொடி வாசமும் யாரோ ஒருவரின் வேர்வை வாசமும் வந்தது என்றும், விடியும்போது காய்ந்திருந்தது என்றும் சொன்னார். இந்த இடத்தில்தான் அவர் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார்.

அந்த வருடம் கோடை மாசியிலேயே வந்துவிட்டது. லாரி வருவது குறைந்தது, வந்தாலும் பாதித் தொட்டியோடு வந்தது. மிஷினுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை என்றதும் ராஜாமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிக் கெஞ்சினாள். பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள், பேச்சில் யாரும் குரலை உயர்த்தவில்லை, எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள்.

"நாங்க தண்ணி தரமாட்டோம்னு சொல்லல" என்றாள் பாக்கியத்தாய். "நம்ம துணிதான் துவைக்கிது, குடுப்போம். ஆனா முந்தி மிஷின்ல போன தண்ணி டிரம்முல வந்து நிக்கும், கக்கூஸுக்காச்சும் ஆவும். இப்ப அது ஒழுகி ஒழுகிப் புள்ளையா நடந்து திரியிது. வாளி வாளியாத் தண்ணி நம்ம கண்ணு முன்னால ஓடி வெளாடுது, நாம கக்கூஸுக்கு ஊத்த வழியில்லாம நிக்கிறோம். அதுல ஒரு வாளி கேட்டா தப்பா?"

"புள்ளக்கா அது" என்றாள் ராஜாமணி.

"யாரு இல்லன்னது? மறுநா ஒழுகுனா மறுபடி ஊறிரப்போவுது. நகம் வெட்டுற மாதிரி. நகம் வெட்டுனா புள்ளைக்கு வலிக்குமா?"

சுலோச்சனா மாடியிலிருந்து குனிந்து, "கேக்குறதுல ஒண்ணும் தப்பில்ல ராசாமணி, எனக்கும் ஒரு வாளி வேணும்" என்றாள். அதோடு முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். முறை வந்த வீட்டில் வாளியை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "வாடா தங்கம், வா" என்று கூப்பிடுவார்கள், பிள்ளை ஓடிப்போய் வாளிக்குள் ஏறி நிற்கும், கொஞ்ச நேரத்தில் கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் வாளிக்குள் தங்கிவிடும், பிள்ளை மேலே இருந்ததோடு இறங்கி முழங்காலால் நடந்து வீட்டுக்கு வரும். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துத்தான் அனுப்பினார்கள், முத்தம் வைத்தவர்கள் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்கள். விசேஷ வீடுகளில் இடுப்பு வரைக்கும் நிற்கச் சொன்னார்கள். ராஜாமணி வீட்டுக்குள் உட்கார்ந்து அடுத்த தெருவின் துணியை மடித்துக்கொண்டிருப்பாள், வாசலைப் பார்க்க மாட்டாள். பிள்ளை உள்ளே வந்ததும், ஈரம் படாமல் தூரத்திலிருந்தே, "எஞ்சாமி வந்துட்டியா" என்று மட்டும் கேட்பாள்.

குருவையா மாடிப்படிக்கு அடியிலிருந்து அது போவதையும் வருவதையும் பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் அது பாக்கியத்தாய் வீட்டிலிருந்து, தொடைகூட இல்லாமல், கைகளை ஊன்றித் தரையில் ஈரக் கோடு விட்டபடி வந்தது. அவர் சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்துகொண்டு, தன்மீதிருந்து ஒரு துணுக்கும் பறந்துவிடக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு, "வலிக்குதாடா?" என்று கேட்டார்.

அது நின்று யோசித்தது. நெஞ்சுக்குள் பொத்தான் ஒருமுறை சுற்றியது.

"அம்மா அழலியே" என்றது.

எழுதுகிறவன் இந்த இடத்தில் பல தடவை பேனாவை வைத்திருக்கிறான். இதைக் கேட்ட ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று யோசித்து, தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்து, அதில் இரக்கம் எவ்வளவு, மாடிப்படிக்கு அடியில் கிடந்த வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று பிரிக்க முயன்று, பிரிக்க முடியாமல் விட்டிருக்கிறான். குருவையா ஒன்றும் செய்ததாகச் சொல்லவில்லை. அவர் அடுத்துச் சொல்வது பங்குனிப் பொங்கல்.

பங்குனிப் பொங்கலன்றைக்குத் தெரு மொத்தமும் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டது, சுலோச்சனா குடும்பத்தோடு போனாள், வீட்டைப் பூட்டிச் சாவியை ராஜாமணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ராஜாமணி பிள்ளைக்காக அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். தீயருகே அதைக் கொண்டுபோக முடியாது என்பதால், குளியலறைத் தொட்டிக்குள் உட்காரவைத்து, மேலே பலகையைச் சாய்த்து, "அம்மா வந்து தூக்குற வரைக்கும் வெளிய வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மேல்வீட்டுச் சாவியை வாசல் நிலை ஆணியில் மாட்டி, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு போனாள். மேளம் தெருவைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. குருவையா ஷிப்டு முடிந்து வந்து மாடிப்படிக்கு அடியில் படுத்துவிட்டார்.

"மெக்கானிக் வந்தான்" என்பார் குருவையா. "புது ஓஸ் கொண்டாந்தான். பழசக் கழட்டுனான், புதுசு மாட்டுனான், கிளிப்ப முறுக்குனான். ஓட விட்டுப் பாத்தான், ஒரு சொட்டு ஒழுகல. பழச எடுத்துட்டுப் போயிட்டான்."

உள்ளங்கை வெந்து வந்த ராஜாமணி மறுநாள் துணி மூட்டையோடு மேலே போனபோதுதான் மிஷினுக்குப் பின்னால் புதிதாக, வெள்ளையாக, பளபளவென்று அது தொங்குவதைப் பார்த்தாள். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழ, சுலோச்சனாவும் சேர்ந்து அழுதாள். அவளுடைய அழுகை பொய்யில்லை, இனி யார் அவள் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பார்கள்? தெருவும் தவித்தது, துணி யார் துவைப்பது, வாளித் தண்ணீருக்கு எங்கே போவது? யார் மெக்கானிக்கை வரவழைத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பாக்கியத்தாய்தான் வஞ்சகம் செய்தாள் என்றாள் சுலோச்சனா, தன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதற்குப் பயந்து சுலோச்சனாவே செய்துவிட்டு நடிக்கிறாள் என்றாள் பாக்கியத்தாய். இரண்டு பேரும் முடியைப் பிடித்துக்கொண்டார்கள், விலக்கிவிட வந்தவர்களும் பழைய பகைக்கு ஆளுக்கொரு அடி வைத்தார்கள். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த குருவையாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்ற நினைப்பே எவருக்கும் இல்லை.

ராஜாமணி அரிவாள்மனையை எடுத்து வந்து புது ஓஸை நெளிவுக்கு நெளிவு கீறினாள். சுலோச்சனா தடுக்கவில்லை, தெருவே தன் கடைசிக் குடங்களைக் கொண்டுவந்து மிஷினுக்குள் ஊற்றியது. ஒழுகியது, நன்றாகவே ஒழுகியது, கீழே விழுந்த தண்ணீர் வெறும் தண்ணீராக ஓடித் துவாரத்துக்குள் போனது. பழைய ஓஸைத் தேடிப் பழைய இரும்புக் கடைகளுக்கெல்லாம் அலைந்தாள், எல்லா ஓஸும் சாம்பல்நிறமாக ஒரே மாதிரி இருந்தன.

பிள்ளை ஒரேயடியாகப் போய்விடவில்லை. தொட்டிக்குள் இருந்தது வாளியளவு ஆனது, சொம்பளவு ஆனது, அம்மா வந்து தூக்கும் வரைக்கும் வெளியே வரக்கூடாது என்று சொன்னது நினைவிருந்ததோ என்னவோ, வெளியே வரக் கேட்கவே இல்லை. கடைசியில் ஒரு தம்ளர் அளவுக்கு ஆனபோது ராஜாமணி அதைத் தம்ளரில் எடுத்து, வெளிச்சம் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாக்கியத்தாய் எட்டிப் பார்த்து, "அதுல கெடக்குற பொத்தான் எம்மவன் சட்டைப் பொத்தான்தான், அப்புறமா எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராஜாமணி முந்தானையை விலக்கிப் பார்த்தாள், பார்க்கும்போதே ஒரு விரற்கடை இறங்கியது. காற்றுக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள், பொத்தானோடு.

சோப்புத்தண்ணீர் வயிற்றைப் புரட்டியது. அவள் அன்றும் மறுநாளும் அதற்குப் பிறகும் வாந்தி எடுத்தாள். தெரு வந்து பார்த்தது, பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "நின்னுருச்சு போலயே" என்றாள் பாக்கியத்தாய், வேண்டுமென்று சொன்னாளா நம்பிச் சொன்னாளா என்று குருவையாவுக்கு இன்றுவரை தெரியாது. எலுமிச்சம்பழம் வந்தது, மாங்காய் வந்தது. மாதம் ஏற ஏறத் தெருப்பெண்கள் முறை வைத்து அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தண்ணி அலம்புற சத்தம் கேக்குது" என்றார்கள். கூப்பிடாத வீடுகளெல்லாம் கூடி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு கட்டினார்கள். அன்றைக்கு அவளைப் போல அழகாக யாரும் இருந்ததில்லை என்று குருவையா சொன்னார். வளையல் போட்ட பெண்கள் வெளியே வந்து தெருமுனை திரும்பும் வரைக்கும்தான் சிரிப்பை அடக்க முடிந்தது. வயிற்றில் ஒன்றுமில்லை. நாள் கடந்தது, கடந்த பிறகும் அவள் கொஞ்ச காலம் வளையலைக் கழற்றவில்லை, பிறகு வேலை செய்யும்போது ஒவ்வொன்றாகத் தானே உடைந்தன.

மேல்வீட்டு வேலையை அவள் விடவில்லை. இன்னும் போகிறாள். கீறிய புது ஓஸுக்குப் பதில் வேறொன்று மாட்டியாயிற்று, தண்ணீர் டிரம்மில் விழுகிறது, கீழ்வீட்டுக் குளியலறை உலர்ந்து கிடக்கிறது. குருவையாவின் பாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. பஞ்சு அப்பிய உடம்போடு அவர் நேரே நடுவீட்டுக்குப் போகிறார், வாசலில் நில்லுங்கள் என்று யாரும் சொல்வதில்லை, சூடாகச் சோறு வருகிறது, அவர் காதுக்குப் பின்னால் இப்போது யாரும் பார்ப்பதில்லை.

"அவ்வளவுதான்" என்று இந்த இடத்தில் எப்போதும் முடிப்பார், வேனும் அநேகமாக அப்போதுதான் மேட்டுத் தெரு முக்கில் நிற்கும். எழுதுகிறவன் எத்தனையோ தடவை அவர் இறங்குவதற்குக் கால்களை ஒடுக்கி வழிவிட்டிருக்கிறான். போன தை மாதம், அவர் வேலையிலிருந்து நின்றுகொள்கிற நாளில், கடைசியாக ஒருமுறை அதே சொற்களில் சொல்லி முடித்து அவர் எழுந்தபோது, அவன் கால்களை ஒடுக்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்:

"அண்ணே, பொங்கலன்னைக்குப் பூட்டுன வீட்ட மெக்கானிக்குக்குத் தொறந்து விட்டது யாருன்னு, மதினி ஒங்ககிட்ட ஒரு தடவகூடவா கேக்கல?"